மழை லீவு விட்டால் டீச்சருக்கும் சந்தோஷமா?

கேட்ட கேள்வி இது: "மழை லீவு என்றால் பிள்ளைகள் குதிப்பார்கள், அது தெரியும். வாத்தியார், டீச்சரெல்லாம் உள்ளுக்குள் என்ன நினைப்பீர்கள்? அமெரிக்காவில் பனி கொட்டி லீவு விட்டால் ஆசிரியர்களே ஆடிப் பாடுகிற வீடியோ பார்த்தேன். நம்ம பக்கம் அப்படி உண்டா?"

உண்டுங்க. ஆடிப் பாடி வீடியோ எடுக்க மாட்டோம், ஆனால் சந்தோஷத்தில் ஒரு குறையும் இல்லை. நான் 2004-ல் கடம்பூர் மலையில் ஒரு தொடக்கப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன், இப்போது அவிநாசி பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் இருக்கிறேன். இத்தனை வருஷம் ஆகியும், விடிகாலையில் போன் அதிர்ந்து "கனமழை காரணமாக இன்று பள்ளிகளுக்கு விடுமுறை" என்ற வரியைப் பார்க்கும்போது மூணாங்கிளாஸ் படிக்கும்போது இருந்த அதே குதூகலம்தான் வருகிறது.

இதை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கொங்கு நாட்டில் மழை லீவு என்பது சும்மா கிடைக்கிற சரக்கு இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கம், மழை மறைவில் கிடக்கிறோம். தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு, பாலக்காட்டுக் கணவாய் வழியாக நமக்கு அனுப்புவது பெரும்பாலும் காற்றும் சாரலும்தான். ஆடியில் அம்மி பறக்குமே தவிர ஓடையில் தண்ணீர் ஓடாது. கோயம்புத்தூருக்கு வருஷம் முழுக்கச் சேர்த்தே 700 மில்லிமீட்டர் ஒட்டித்தான் மழை, சென்னைக்கு அதைப்போல இரண்டு மடங்கு. காங்கேயம், தாராபுரம் பக்கம் இன்னும் வறட்சி. அதனால் ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் நாலு நாள், அஞ்சு நாள் என்று தொடர்ந்து லீவு விடுவதை டிவியில் ஓடுகிற எழுத்தில் பார்த்துக்கொண்டே நாங்கள் டிபன் பாக்ஸ் கட்டுவோம். எங்களுக்கு ஒரு வருஷத்தில் ஒன்றோ இரண்டோ, சில வருஷம் அதுவும் இல்லை.

வால்பாறையும் நீலகிரியும் வேறு கதை. ஜூன், ஜூலையில் "வால்பாறை தாலுகாவுக்கு மட்டும் விடுமுறை" என்று செய்தி வந்துகொண்டே இருக்கும், கோயம்புத்தூரில் சுள்ளென்று வெயில் அடிக்கும். 2019 ஆகஸ்ட் 8-ல் நீலகிரி அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பதிவானது. கோயம்புத்தூரில் ஒரு வருஷம் பெய்வதைவிட அதிகம், இருபத்து நாலு மணி நேரத்தில். அங்கே லீவு என்பது உயிர் சமாச்சாரம், அதில் சந்தோஷம் பேச ஒன்றுமில்லை. நான் சொல்வது சமவெளியில் விடுகிற லீவு.

அந்தக் காலையை அப்படியே சொல்கிறேன். நாலே முக்காலுக்கு எழுந்துவிடுவேன். ராத்திரி முழுக்கத் தாவாரத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டிருக்கும், அதனால் தூக்கத்திலேயே பாதி நம்பிக்கை வந்திருக்கும். அஞ்சரைக்குள் பருப்பு வெந்து, பொரியலுக்கு நறுக்கியாகிவிடும். அப்போதுதான் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் முதல் ஆள் கேட்பார், "லீவாங்க?" யாருக்கும் தெரியாது. அடுத்து ஒருத்தர் ஒரு அறிவிப்புப் படத்தைப் போடுவார், உடனே நாலு கைகூப்பும் படம் வரும், அப்புறம் ஒரு கண்ணுள்ள ஆள் பெரிதாக்கிப் பார்த்து "தேதி பாருங்க, இது போன வருஷத்தது" என்பார். மறுபடி அமைதி. நான் ஒரு கையில் கரண்டியோடு, லீவு அறிவிக்கிற மாவட்ட ஆட்சியரின் இணையப் பக்கத்தைத் திறப்பேன், மூடுவேன், திறப்பேன். வாசலில் எட்டிப் பார்த்தால் மழை குறைந்த மாதிரி இருக்கும், மனசு கொஞ்சம் இறங்கும். அடுத்த நிமிஷம் சடசடவென்று தகரத்தில் இறங்கும், மனசு ஏறும். ஆறு இருபது வாக்கில் தலைமை ஆசிரியரிடமிருந்து ஒரே வரி வரும்: "இன்று விடுமுறை." அவர் போட்டால் அது உறுதி, ஏனென்றால் வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்தபின்தான் போடுவார்.

அந்த ஒரு வரி வந்ததும் நான் செய்கிற முதல் காரியம் அடுப்பைக் குறைப்பது. அவசரம் போய்விட்டது அல்லவா. அத்தை உள் அறையிலிருந்து "ஏங்கண்ணு, இன்னைக்குப் பள்ளிக்கூடம் இல்லையாமா?" என்பார்கள். "இல்லைங்கத்தே" என்றால், "அப்ப சாவகாசமா ஒரு டீ வெய்யி, நானும் குடிக்கிறேன்" என்பார்கள். வாரத்தில் ஆறு நாள் நான் நின்றுகொண்டே அரை டம்ளர் டீ குடிக்கிறவள். அன்றைக்கு ஆசாரத்தில், அதாவது வீட்டுக் கூடத்தில், பாய் போட்டு உட்கார்ந்து, சுடச்சுட, முழு டம்ளர், வாசலில் மழை. செய்து வைத்த குழம்பு பொரியலை ராத்திரிக்கு ஒதுக்கிவிட்டு, மத்தியானத்துக்கு அரிசிம்பருப்பு வைப்பேன். அரிசியும் துவரம் பருப்பும் ஒன்றாகக் களைந்து, சின்ன வெங்காயமும் பூண்டும் நிறையத் தட்டிப் போட்டு, மிளகு சீரகம் கொஞ்சம் தூக்கலாக, குக்கரில் வைத்து இறக்கி, மேலே ஒரு கரண்டி நெய். டிபன் பாக்ஸில் ஆறிப்போய் அடையாகிற அரிசிம்பருப்பு வேறு, மழை நாளில் ஆவி பறக்கத் தட்டில் விழுகிற அரிசிம்பருப்பு வேறு. இதைச் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைதான் வாராவாரம் வருகிறதே, அப்புறம் இதில் என்ன தனிச் சந்தோஷம் என்று கேட்பீர்கள். ஞாயிறு வருவதற்கு முன்னாலேயே செலவாகிவிடும். துணி, மாவு, கல்யாணம், காது குத்து, தோட்டத்து வேலை, திங்களுக்கான பாடக் குறிப்பு, எல்லாம் வரிசையில் நிற்கும். தற்செயல் விடுப்பு வருஷத்துக்கு 12 நாள் இருக்கிறது, ஆனால் அதை எடுக்கிற அன்று மனசு பள்ளியில்தான் இருக்கும். என் வகுப்பைப் பக்கத்து வகுப்பு டீச்சர் சேர்த்துப் பார்க்கிறார், அவருக்கே நாற்பது பிள்ளைகள், அங்கே என்ன களேபரமோ என்று. காய்ச்சலோடு படுத்திருந்தாலும் "அந்தப் பதிவேடு எங்கே இருக்கு டீச்சர்" என்று போன் வரும். மழை லீவில் அது கிடையாது. நான் மட்டும் நின்றுபோகவில்லை, எல்லாம் நின்றிருக்கிறது. யாரும் என் பாரத்தைச் சுமக்கவில்லை, நான் யாருக்கும் கடன்படவில்லை, யாரிடமும் காரணம் சொல்லவில்லை. கேட்காமல் வந்த நாள், அதற்கென்று ஒரு வேலையும் எழுதி வைக்கப்படாத நாள். ஆசிரியர் வேலையில் ஒவ்வொரு நாற்பது நிமிஷத்துக்கும் மணி அடிக்கும், தண்ணீர் குடிப்பதும் பாத்ரூம் போவதும்கூட அந்த மணிக்குக் கட்டுப்பட்டது. அப்படிப் பழகின உடம்புக்கு மணியே அடிக்காத ஒரு வேலைநாள் கிடைப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை வேறு வேலையில் இருப்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். இரண்டு பாடவேளைக்கு மேல் உயர்ந்த குரலில் பேசியே தொண்டை கட்டிப்போன ஒருத்தியை மழை ஒரு நாள் முழுக்க மௌனமாக இருக்க விடுகிறது.

மலையில் வேலை பார்த்த காலத்தில் ஆட்சியர் அறிவிப்புக்கெல்லாம் காத்திருந்ததில்லை. கடம்பூரிலிருந்து மாக்கம்பாளையம் போகிற வழியில் குரும்பூர் பள்ளம், சர்க்கரைப் பள்ளம் என்று இரண்டு காட்டாறுகள் குறுக்கே வரும். எங்கள் பக்கம் பள்ளம் என்றால் ஓடை. மேலே காட்டில் மழை பிடித்தால் கீழே ஒரு பொட்டு மழைகூட இல்லாமல் பள்ளத்தில் செந்தண்ணி சுழித்துக்கொண்டு வரும், பஸ் இந்தக் கரையிலேயே நின்றுவிடும். டிரைவர் இறங்கிப் போய்ப் பார்ப்பார், ஒரு கல்லைக் குறியாக வைத்துக்கொண்டு அது முழுகியிருக்கிறதா தெரிகிறதா என்று பார்த்துவிட்டு வந்து "இன்னைக்கு ஆவாதுங்க டீச்சர்" என்பார். அவ்வளவுதான் அறிவிப்பு. அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் எதிர்க்கரையில் வந்து நிற்பார்கள், நான் இந்தக் கரையிலிருந்து கையை ஆட்டி வீட்டுக்குப் போகச் சொல்வேன், அவர்களும் கையை ஆட்டுவார்கள், தண்ணீர்ச் சத்தத்தில் ஒருத்தர் பேசுவது இன்னொருத்தருக்குக் கேட்காது. பஸ்ஸில் இருந்த சந்தைக்கூடைக்காரம்மா வேகவைத்த கடலையை எனக்கு ஒரு பிடி கொடுத்தது, மழையில் நனைந்த மூங்கில் காட்டு வாசம், திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் தூங்கிப்போனது, எல்லாம் இன்னும் நினைவில் இருக்கிறது. இருபத்தைந்து வயதில் வீட்டை விட்டுத் தூரத்தில் வேலை பார்த்தவளுக்கு அந்த நாட்கள் பெரிய தெம்பு.

சரி, அமெரிக்கப் பனி லீவுக்கு வருகிறேன். என் சித்தி மகள் நியூஜெர்சியில் பள்ளி ஆசிரியர். அவளிடம் கேட்டால் அச்சு அசலாக இதே கதைதான், மழைக்குப் பதில் பனி. அங்கே ஆட்சியர் இல்லை, பள்ளி வட்டாரத்துக்கு ஒரு தலைமை அதிகாரி இருக்கிறார், அவர் விடிவதற்கு முன்பே ரோட்டில் பனி எவ்வளவு, பள்ளிப் பேருந்து போக முடியுமா என்று விசாரித்து அஞ்சு மணி வாக்கில் எல்லார் போனுக்கும் தகவல் அனுப்புவார். முன்னெல்லாம் ரேடியோவில் பள்ளிகளின் பெயரை வரிசையாக வாசிப்பார்களாம், தன் பள்ளிப் பெயர் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களாம். பனி வேண்டும் என்று வேண்டிக்கொண்டு பிள்ளைகள் ராத்திரி உடையை உள்வெளியாகத் திருப்பிப் போட்டுத் தூங்குவார்கள், தலையணைக்குக் கீழே ஸ்பூன் வைப்பார்கள், ஐஸ் கட்டியைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றுவார்கள். ஆசிரியர்களும் இதைச் செய்வதுண்டு என்றாள், இவளும் ஸ்பூன் வைத்திருக்கிறாள். நம் ஊரோ மழை வேண்டிக் கழுதைக்குக் கல்யாணம் பண்ணுகிற ஊர், அதனால் எனக்கு இதில் ஆச்சரியமே வரவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர்களைப் பார்த்துப் பாவமாக இருந்தது. கொரோனாவுக்குப் பிறகு நியூயார்க் நகரத்தில் பனி லீவையே எடுத்துவிட்டு, பனி கொட்டினால் வீட்டிலிருந்தே ஆன்லைன் வகுப்பு என்று 2020-ல் அறிவித்தார்கள். 2024 பிப்ரவரி 13 அன்று பனி கொட்டியபோது அப்படியே செய்தார்கள், ஒரே நேரத்தில் எல்லாரும் உள்ளே நுழையப் போய் காலையில் லாகின் ஆகாமல் பிள்ளைகளும் பெற்றோரும் தவித்தார்கள். இங்கேயும் சில தனியார் பள்ளிகளில் மழை லீவு அன்று ஆன்லைனில் உட்கார வைக்கிறார்கள் என்று கேள்விப்படும்போது எனக்குக் கோபம் வரும். ஒரு நாள் பாடத்தில் ஒன்றும் குடிமுழுகிவிடாது. மழை பெய்கிற ஒரு காலையை ஒரு பிள்ளையிடமிருந்து பிடுங்கினால் அதை எந்த சனிக்கிழமையிலும் திருப்பித் தர முடியாது. ஆசிரியருக்கும் அப்படித்தான்.

எல்லா மழை லீவும் எனக்குக் கிடைத்துவிடுவதில்லை. நான் குடியிருப்பது கருமத்தம்பட்டி, அது கோவை மாவட்டம். பள்ளி இருப்பது திருப்பூர் மாவட்டம், 2009-ல் தனி மாவட்டமானது. நடுவில் கொஞ்ச தூரம்தான், மேகம் இரண்டுக்கும் ஒன்றுதான், ஆனால் உத்தரவு வேறு வேறு. கோவைக்கு லீவு விட்டு திருப்பூருக்கு விடாத நாளில் என் பிள்ளைகள் போர்வைக்குள் சுருண்டு கிடப்பார்கள், நான் குடையோடு பஸ் ஏறுவேன். எதிர்மாறாக ஒருமுறை எனக்கு மட்டும் லீவு விட்டார்கள். பிள்ளைகளை வேனில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து, வீடு முழுக்க நான் ஒருத்தி மட்டும். அந்த நாளில் நான் உருப்படியாக ஒன்றும் செய்யவில்லை, ஜன்னலோரம் உட்கார்ந்து முருங்கை மரத்தில் ஒரு காக்கை நனைந்துகொண்டே இருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு நாள் திரும்ப வரவில்லை.

இதில் சந்தோஷத்தோடு ஒரு நிம்மதியும் கலந்திருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். மழை நாளில் பள்ளி நடந்தால் ஒரு நிமிஷம்கூட உட்கார முடியாது. எந்தச் சுவர் ஊறியிருக்கிறது, எந்த சுவிட்சில் ஈரம் இறங்கியிருக்கிறது, எந்தப் பையன் பள்ளத்துப் பக்கம் போனான் என்று கண் சுழன்றுகொண்டே இருக்கும். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள், அதற்குப் பிறகு மாநிலம் முழுக்கப் பழுதான பள்ளிக் கட்டடங்களை இடிக்கச் சொன்னார்கள். அந்தச் செய்திக்குப் பிறகு மழைச் சத்தத்தில் எந்த டீச்சரும் பழைய மாதிரி நிம்மதியாகப் பாடம் நடத்தியதில்லை. லீவு விட்டால் என் நூற்று இருபது பிள்ளைகளுக்கும் இன்று நான் பொறுப்பில்லை, அவரவர் அம்மா அப்பா பார்த்துக்கொள்வார்கள் என்று தோள் இறங்கும்.

ஆனால் எல்லா வீடும் பள்ளியைவிட நல்ல வீடு இல்லை, அது தெரிந்ததால் அந்த நிம்மதி முழுசாக இருக்காது. 2019 டிசம்பர் 2 விடிகாலையில் மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் ஊறிய பெரிய சுற்றுச்சுவர் வீடுகள்மேல் விழுந்து 17 பேர் இறந்தார்கள், தூங்கிக்கொண்டிருந்தவர்கள். என் வகுப்பில் பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வந்த பீகார், ஒடிசாக் குடும்பத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஒரே அறையில் ஆறு பேர், அதில் ஒழுகல் வேறு. அவர்களுக்குப் பள்ளிக்கூடம்தான் காய்ந்த இடம். காலை உணவும் மத்தியானச் சாப்பாடும் முட்டையும் பள்ளியில்தான். லீவு விட்ட அன்று பதினொரு மணி வாக்கில் சத்துணவு அமைப்பாளருக்கும் எனக்கும் ஒரே நினைப்பு வரும், இந்நேரம் பசங்க தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பார்களே என்று. 2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து இரண்டு லட்சம் கனஅடி அளவுக்குத் தண்ணீர் திறந்தபோது பவானி, குமாரபாளையம் பக்கம் கரையோர மக்களைப் பள்ளிகளிலும் மண்டபங்களிலும்தான் தங்க வைத்தார்கள். அந்தப் பக்கத்தில் வேலை பார்த்த என் சிநேகிதிக்கு லீவு கிடைத்தும் கிடைக்கவில்லை, சாவியோடு போய் வகுப்பறையைத் திறந்து பெஞ்சை ஓரங்கட்டிப் பாய் விரித்தாள். அவள் வகுப்புப் பெண் ஒருத்தி தன் தங்கச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, தான் வழக்கமாக உட்காரும் மூலையிலேயே படுத்துக்கொண்டாளாம்.

லீவுக்குக் கணக்கும் உண்டு. கல்வி உரிமைச் சட்டப்படி ஐந்தாம் வகுப்பு வரை 200 நாள், ஆறிலிருந்து எட்டு வரை 220 நாள் பள்ளி நடக்க வேண்டும், நியூஜெர்சியில் 180 நாள். அவர்களுக்கு ஜூன் கடைசியில் நாளைக் கூட்டுவார்கள், நமக்கு ஒரு சனிக்கிழமையை எடுத்துக்கொள்வார்கள். அந்த சனிக்கிழமை வரும்போது கொஞ்சம் முனகுவோம், ஆனால் இந்த வியாபாரத்தில் எனக்கு ஒருநாளும் நட்டம் தோன்றியதில்லை. காலாண்டு முடிந்து அரையாண்டுக்குள் முடிக்க வேண்டிய பாடம் தலைக்குமேல் நிற்கும், ஒரு நாள் போனால் பின்னால் ஓடித்தான் பிடிக்க வேண்டும். ஓடிக்கொள்ளலாம். ஓய்ந்து வந்தவள் ஓடுவாள்.

அப்புறம் மறுநாள். மழை லீவுக்கு மறுநாள் வகுப்பு மாதிரி வருஷத்தில் வேறு நாளே கிடையாது. காலையில் உள்ளே நுழைவதற்குள் பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள். டீச்சர் எங்க கொளத்துல தண்ணி வந்துருச்சு, டீச்சர் எங்க அப்புச்சி தோட்டத்துல பாம்பு, டீச்சர் கரண்டு போயி நாங்க மெழுகுவர்த்தி வெச்சுச் சாப்பிட்டோம். போன வருஷம் நாலாங்கிளாஸ் பையன் ஒருத்தன், சாதாரணமாக வாயே திறக்காதவன், நேராக என் மேசைக்கு வந்து ஒரு தீப்பெட்டியை வருகைப் பதிவேட்டின்மேல் வைத்தான். திறந்தால் சிவப்பாக வெல்வெட்டு மாதிரி இரண்டு பட்டுப்பூச்சி, அதுகளுக்குக் கஷ்டமாக இருக்கக்கூடாதென்று அடியில் ஈர மண்ணும் ஒரு துண்டு அருகம்புல்லும் போட்டிருந்தான். "நேத்தே கொண்டாரலாம்னு பாத்தனுங்க டீச்சர், லீவு உட்டுட்டாங்க" என்றான். அன்று முதல் பாடவேளை கணக்கு. கணக்கை ஓரமாக வைத்துவிட்டு, முப்பத்தி நாலு பேரும் வரிசையாக வந்து அந்தத் தீப்பெட்டிக்குள் எட்டிப் பார்த்தோம்.